மனிதருக்குப் பொதுவான அறம் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உண்டா, இல்லையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

உண்டு. ஆனால் அதை நம்பி நாம் ஒப்படைக்க நினைக்கும் வேலைகளில் பாதியை அதனால் செய்ய முடியாது. கொல்லாதே, திருடாதே, செய்த நன்றியை மறவாதே, பெற்றவர்களைப் பேணு என்ற விதிகள் ஏறத்தாழ எங்கும் ஒன்றுதான். யாரைக் கொன்றால் கொலையாகாது, யாரிடமிருந்து எடுத்தால் திருட்டாகாது என்பதில்தான் ஊரும் காலமும் பிரிகின்றன. விதி பொது, விலக்கு உள்ளூர்ச் சரக்கு. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அந்த விலக்குகளைப் பற்றியவை.

'மனித இயல்பிலேயே அறம் இருக்கிறது' என்பவர்கள் சரியாக எதைச் சொல்கிறார்கள்?

மூன்று வெவ்வேறு கூற்றுகளை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். எல்லா மக்களும் சில விதிகளை ஒப்புக்கொள்கிறார்கள் என்பது ஒன்று. அது மானிடவியலாளர்கள் ஊர் ஊராகப் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டிய செய்தி. அந்த விதிகள் கற்றுக்கொடுத்து வந்தவை அல்ல, பிறவியிலேயே இருப்பவை என்பது இன்னொன்று. அதற்குக் குழந்தைகளைக் கவனிக்க வேண்டும். நாம் ஒப்புக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும் அவை நம்மைக் கட்டுப்படுத்துகின்றன என்பது மூன்றாவது. இதை எந்த ஆய்வகமும் நிறுவ முடியாது. முதலாவதற்குச் சான்று காட்டிவிட்டு, மூன்றாவதை நிரூபித்துவிட்ட பெருமிதத்தோடு மேடையிலிருந்து இறங்குபவர்கள் ஏராளம்.

பழைய சிந்தனையாளர்கள் என்ன சொன்னார்கள்?

கிரேக்க நாடகத்தில் ஆன்டிகனி, அரச ஆணையை மீறித் தன் சகோதரனுக்கு இறுதிக்கடன் செய்துவிட்டு, எழுதப்படாத, அழியாத சட்டங்களைச் சாட்சிக்கு அழைத்தாள். உண்மையான சட்டம் இயற்கையோடு இசைந்த நேரிய அறிவே, அது ரோமுக்கு ஒன்றாகவும் ஏதென்ஸுக்கு வேறாகவும் இராது என்றார் ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ. யூதர்களின் திருச்சட்டத்தைப் பெறாத பிற இனத்தாரின் இதயத்திலும் அது எழுதப்பட்டிருக்கிறது என்று ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் குறிப்பிட்டார். 13ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இவற்றையெல்லாம் ஒரே கொள்கையாகக் கோத்தார். தம் கொள்கைக்கு இடைஞ்சலான ஒரு செய்தியையும் அவர் மறைக்கவில்லை: பழைய ஜெர்மானியர் திருட்டைத் தவறாகக் கருதவில்லை என்று சீசர் எழுதியிருக்கிறாரே என்று அவரே எடுத்துப் போட்டார்.

சீசர் உண்மையில் எழுதியதைத் தேடிப் படித்தால் கதை இன்னும் சுவையாகிறது. தங்கள் எல்லைக்கு வெளியே அடிக்கும் கொள்ளைக்கு அவர்களிடம் இழுக்கு இல்லை என்பதுதான் அவர் குறிப்பு. எல்லைக்கு உள்ளே திருடலாம் என்று அவர் சொல்லவில்லை. விதி இருந்தது, வேலிக்கு அப்பால் அது செல்லுபடியாகவில்லை.

கிணற்றில் விழப்போகும் குழந்தை என்கிறார்களே, அது யார் சொன்னது?

கி.மு. 4ஆம் நூற்றாண்டுச் சீனத்தைச் சேர்ந்த மென்சியஸ். தவழ்ந்துபோகும் குழந்தை கிணற்றில் விழப்போவதைத் திடீரென்று காணும் எவருக்கும் நெஞ்சு பதறும் என்றார் அவர். அதோடு நிறுத்தாமல், அந்தப் பதற்றத்துக்குச் சொல்லக்கூடிய மறைமுகக் காரணங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். குழந்தையின் பெற்றோரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காகப் பதறுவதில்லை. அக்கம்பக்கத்தார் புகழ வேண்டும் என்றும் இல்லை. அழுகைச் சத்தம் காதுக்குப் பிடிக்காது என்பதாலும் இல்லை. ஆதாயக் கணக்குப் போடுவதற்கு முன்பே அது வந்துவிடுகிறது.

எனக்கு இந்த வாதத்தில் பிடித்தது அதன் அடக்கம். எல்லோரும் ஓடிப்போய்க் காப்பாற்றுவார்கள் என்று மென்சியஸ் சொல்லவே இல்லை. பதறுவார்கள் என்றுதான் சொன்னார். அந்தப் பதற்றத்தை அவர் முளை என்றார். பேணி வளர்த்தால்தான் அது அறமாகும். அடுத்த நூற்றாண்டில் வந்த சுன்ஸி இதை முழுக்க மறுத்தார். மனித இயல்பு கெட்டது, பொறாமையும் ஆதாய ஆசையும்தான் கூடப் பிறந்தவை, நற்குணம் சடங்காலும் பயிற்சியாலும் வருவது என்பது அவர் கட்சி. இருவரும் கன்பூசியஸ் வழியில் வந்தவர்கள் என்பதையும், இருவருமே கடைசியில் 'பயிற்சி வேண்டும்' என்ற ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

திருக்குறள் எந்தப் பக்கம்?

உள்ளே ஒரு சாட்சி இருக்கிறது என்ற பக்கம். "தன்நெஞ் சறிவது பொய்யற்க பொய்த்தபின் தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்ற 293ஆம் குறளில் தண்டிப்பது அரசனும் இல்லை, தெய்வமும் இல்லை. தனக்குத் துன்பம் என்று உணர்ந்ததைப் பிறருக்குச் செய்யாதே என்ற 316ஆம் குறள், கன்பூசியஸும் யூத அறிஞர் ஹில்லெலும் தத்தம் ஊரில் சொன்ன அதே விதி. இதையெல்லாம் சொற்பொழிவுகளில் கேட்டிருப்போம்.

அதிகம் பேசப்படாதது 293க்கு முந்தைய குறள். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத்தக்கது என்கிறது 292. விலக்கை முதலில் வைத்துவிட்டு விதியை அடுத்து வைத்திருக்கிறார் வள்ளுவர். கொலைக்கும் ஒரு விலக்கு உண்டு: கொடியவரை வேந்தன் தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பதற்கு நிகர் என்கிறது 550ஆம் குறள். ஆனால் இந்த விலக்குகள் செயலையும் விளைவையும் பார்க்கின்றன. எதிரில் இருப்பவர் எந்த வீட்டில் பிறந்தவர் என்று பார்க்கவில்லை. இந்த வேறுபாட்டுக்குப் பிறகு மறுபடியும் திரும்பி வருவோம்.

ஊருக்கு ஊர் வழக்கம் தலைகீழாக இருக்கும்போது பொது அறம் எங்கிருந்து வரும்?

இதற்கு எல்லோரும் காட்டும் மிகப் பழைய கதை கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் எழுதியது. பாரசீக மன்னன் டேரியஸ் தன் அவையில் இருந்த கிரேக்கரை அழைத்து, எவ்வளவு பணம் கொடுத்தால் இறந்த தகப்பனின் உடலைத் தின்பீர்கள் என்று கேட்டான். எவ்வளவு கொடுத்தாலும் மாட்டோம் என்றார்கள். பிறகு, தகப்பன் உடலைத் தின்னும் வழக்கமுள்ள கல்லாத்தியர் என்ற இந்தியரை அழைத்து, என்ன கொடுத்தால் கிரேக்கரைப்போல் எரிப்பீர்கள் என்று கேட்டான். அவர்கள் அலறி, அப்படிப்பட்ட பேச்சையே எடுக்க வேண்டாம் என்றார்கள். வழக்கமே எல்லோருக்கும் அரசன் என்று கவிஞர் பிண்டார் பாடியது சரிதான் என்று ஹெரொடோட்டஸ் முடித்தார்.

கல்லாத்தியர் உண்மையில் அப்படிச் செய்தார்களா என்பதை விடுங்கள். கதைக்குள்ளேயே ஹெரொடோட்டஸ் கவனிக்காத ஒன்று இருக்கிறது. இரண்டு கூட்டமும் எதற்குப் பதறின? தகப்பன் உடலை அவமதிக்கச் சொன்னதற்கு. விலை பேசியதற்கும் சேர்த்து. 'அப்பன்தானே, செத்துவிட்டான், பணத்தைக் கொடு' என்று சொல்லும் மூன்றாவது கூட்டம் ஒன்று அவையில் நின்றிருந்தால் பிண்டார் சொன்னதை நானும் ஒப்புக்கொண்டிருப்பேன்.

யாராவது முறையாக எண்ணிப் பார்த்திருக்கிறார்களா?

ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஆலிவர் ஸ்காட் கரியும் உடன் பணியாற்றியவர்களும் 2019இல் 60 சமூகங்களைப் பற்றிய மானிடவியல் பதிவுகளை அலசி வெளியிட்டார்கள். உறவினருக்கு உதவுதல், கூட்டத்துக்கு உதவுதல், பெற்றதைத் திருப்பிச் செய்தல், துணிவு, பெரியவருக்குப் பணிதல், பொதுவில் கிடைத்ததை நியாயமாகப் பங்கிடுதல், பிறர் உடைமையை மதித்தல் ஆகிய ஏழு நடத்தைகளை எடுத்துக்கொண்டு, அவை அங்கங்கே நல்லவையாகக் கருதப்படுகின்றனவா, கெட்டவையாகவா என்று பார்த்தார்கள். 962 குறிப்புகளில் 961இல் அவை நல்லவை. மிஞ்சிய அந்த ஒன்று மைக்ரோனேசியாவின் சூக் தீவிலிருந்து வந்தது: பிறர் பொருளை வெளிப்படையாக எடுத்துக்கொள்வது, எதிர்ப்புக்கு அஞ்சாத ஆண்மையின் அடையாளமாக அங்கே மதிக்கப்பட்டது. அங்கேகூட மதிக்கப்பட்டது இன்னொரு பொது விதியான துணிவுதான் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கொஞ்சம் வசதியான விளக்கம்தான், ஆனாலும் அபத்தம் இல்லை.

இந்த ஆய்வைக் கொண்டாடுவதற்கு முன் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். ஏழும் 60 சமூகங்களிலும் பதிவாகியிருந்தன என்று அது சொல்லவில்லை. பேசப்பட்ட இடங்களில் பாராட்டோடு பேசப்பட்டன என்பதே முடிவு. தவிர, இரண்டு நல்லவை மோதும்போது எது முந்தும் என்பதை இந்த எண்ணிக்கை தொடவே இல்லை.

இரண்டு நல்லவை மோதினால்?

அங்கேதான் பண்பாடுகள் தம் முகத்தைக் காட்டுகின்றன. எங்கள் ஊரில் ஒரு நேர்மையாளன் இருக்கிறான், தகப்பன் ஆடு திருடியபோது மகனே சாட்சி சொன்னான் என்று ஒரு பிரபு கன்பூசியஸிடம் பெருமையடித்தார். எங்கள் ஊரில் நேர்மை வேறு மாதிரி, தகப்பன் மகனை மறைப்பான், மகன் தகப்பனை மறைப்பான் என்றார் கன்பூசியஸ். நம் பக்கத்தில் மனுநீதிச் சோழன், ஒரு பசுவின் கன்றுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்டான். சிலப்பதிகாரத்தில் கண்ணகி அரசவையில் நின்று தன் ஊரைச் சொல்லும்போது பெருமையோடு எடுத்துச் சொல்வது அவன் செயலைத்தான்.

உறவைக் காப்பதும் நடுநிலை தவறாமையும் இரு நாட்டுக்கும் தெரிந்த விதிகள். வரிசைதான் வேறு. ஒன்றையும் மறந்துவிட வேண்டாம்: மனுநீதியின் கதை நம்மை உலுக்குவதே, எந்தத் தகப்பனும் அப்படிச் செய்யமாட்டான் என்று நமக்குத் தெரிவதால்தான். அன்றாட வழக்கில் நாமும் கன்பூசியஸ் கட்சிதான். தேர்தலில் வாரிசுகளுக்கு விழும் வாக்குகளைப் பாருங்கள்.

கைக்குழந்தைகளுக்கே நல்லது கெட்டது தெரியும் என்று படித்தேன். உண்மையா?

2007இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வைப் படித்திருப்பீர்கள். கண் ஒட்டிய மரப்பொம்மை ஒன்று மேடேற முயலும். ஒரு பொம்மை அதை மேலே தள்ளிவிடும், இன்னொன்று கீழே தள்ளும். பிறகு இரண்டையும் குழந்தை முன் நீட்டினார்கள். 10 மாதக் குழந்தைகள் 16 பேரில் 14 பேரும், 6 மாதக் குழந்தைகள் 12 பேரில் அத்தனை பேரும் உதவிய பொம்மையை எடுத்தார்கள். பிறவி அறத்துக்கு இதைவிட என்ன சான்று வேண்டும் என்று உலகமே பேசியது.

2024இல் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து, நூற்றுக்கணக்கான குழந்தைகளோடு அதே வகைச் சோதனையைத் திரும்பச் செய்தன. உதவிய பொம்மையை எடுத்தவர்கள் ஏறத்தாழச் சரிபாதி. நாணயம் சுண்டியிருந்தாலும் அதுதான் வந்திருக்கும். பழைய ஆய்வைக் குப்பையில் போட்டுவிடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. அதன்மேல் எதையும் கட்டக்கூடாது என்றுதான் பொருள்.

உறுதியாக நிற்பது வேறொன்று. 18 மாதக் குழந்தைகளின் முன்னால் ஒருவர் துணிக் கவ்வியைத் தவறவிட்டு எட்ட முடியாமல் தவிப்பதுபோல் நடித்தார். கேட்காமலே, பாராட்டு எதுவும் இல்லாமலே, குழந்தைகள் நடந்து சென்று எடுத்துக் கொடுத்தார்கள். 24 பேரில் 22 பேர் ஒருமுறையாவது உதவினார்கள். 2006இல் வார்னெகனும் டோமசெல்லோவும் செய்த இந்தச் சோதனையில் இளம் சிம்பன்சிகளும் ஓரளவு உதவின. 18 மாதத்துக்குள் குழந்தை வீட்டில் எவ்வளவோ பார்த்துவிடுகிறது என்பதும் உண்மைதான்.

விலங்குகளிடமும் நியாய உணர்வு உண்டா?

பக்கத்துக் கூண்டுக் குரங்குக்குத் திராட்சை, தனக்கு மட்டும் வெள்ளரிக்காய் என்றதும் கபுச்சின் குரங்கு வெள்ளரியை வீசியெறிந்ததாக 2003இல் வந்த ஆய்வு புகழ்பெற்றது. பின்வந்த சோதனைகள் எல்லாம் அதை உறுதிசெய்யவில்லை. ஒன்று மட்டும்: தனக்குக் குறைந்ததற்குக் கோபப்படுவது நியாய உணர்வின் பாதி. அடுத்தவனுக்குக் குறைந்ததற்குக் கோபப்படுவது மறுபாதி.

பணத்தைப் பங்கிடும் விளையாட்டில் என்ன தெரியவந்தது?

ஒருவரிடம் ஒரு தொகை கொடுக்கப்படும். அவர் முகம் தெரியாத இன்னொருவருக்கு ஒரு பங்கு தர முன்வர வேண்டும். அவர் ஏற்றால் இருவருக்கும் பணம்; மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. மேலைநாட்டு மாணவர்கள் 40 முதல் 50 விழுக்காடு வரை கொடுப்பார்கள். அதுவே மனித இயல்பு என்று நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். ஜோசஃப் ஹென்ரிக்கும் மற்றவர்களும் இதை 15 சிறு சமூகங்களுக்குக் கொண்டுபோய் 2001இல் முடிவை வெளியிட்டார்கள். பெருவின் காடுகளில் வாழும் மச்சிகெங்கா மக்கள் சராசரியாக 26 விழுக்காடுதான் கொடுக்க முன்வந்தார்கள்; வாங்குபவர்களும் முணுமுணுக்காமல் வாங்கிக்கொண்டார்கள். கூட்டாகத் திமிங்கிலம் வேட்டையாடிப் பங்கிடும் இந்தோனேசியாவின் லாமலேரா மக்கள் பாதிக்கு மேலேயே கொடுத்தார்கள், ஏறத்தாழ 58 விழுக்காடு.

பப்புவா நியூ கினியின் அவ், நாவ் மக்கள்தான் ஆய்வாளர்களைத் திகைக்க வைத்தவர்கள். பாதிக்கு மேல் கொடுத்தாலும் சிலர் மறுத்தார்கள். கேட்காமல் வரும் பெரிய பரிசு, நினைத்த நேரத்தில் திருப்பிக் கேட்கப்படும் கடன் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். மொய் நோட்டை அலமாரியில் பத்திரப்படுத்தும் நமக்கு இது புரிவதற்கு மானிடவியல் பட்டம் தேவையில்லை. பெற்றால் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற விதி எல்லா இடத்திலும் வேலை செய்தது. எதைப் 'பெற்றது' என்று எண்ணுவது என்பதை அந்தந்த ஊர்ப் பிழைப்பு முடிவுசெய்தது.

அறமே இல்லாத மக்கள் என்று யாரையாவது கண்டுபிடித்திருக்கிறார்களா?

கண்டுபிடித்ததாக ஒருவர் சொன்னார். உகாண்டா மலைப்பகுதியின் இக் மக்களை 1960களில் ஆராய்ந்த காலின் டர்ன்புல், அன்பே இல்லாதவர்கள், முதியவரின் வாயிலிருந்து உணவைப் பிடுங்குபவர்கள் என்று 1972இல் எழுதினார். ஆனால் அவர் போனது கொடும்பஞ்ச காலம். தேசியப் பூங்கா அமைத்ததால் தம் வேட்டை நிலத்தையும் அந்த மக்கள் இழந்திருந்தார்கள். பின்னர் அங்கே சென்ற ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட முடிவின்படி, இக் மக்கள் பகிர்வதில் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். பகிராதவரை மண்ணின் ஆவிகள் கவனித்துக்கொண்டிருக்கின்றன என்ற நம்பிக்கையும் அவர்களிடம் உண்டு. பட்டினி கிடந்தவர்களைப் பார்த்து மனித இயல்பை எழுதியது டர்ன்புல்லின் பிழை.

நெஞ்சில் அறம் எழுதப்பட்டிருந்தால் நாஜிகள் எப்படி வந்தார்கள்?

இந்தக் கேள்விக்கு 'அவர்கள் மனிதர்களே அல்ல' என்ற பதில் எளிது, பயனற்றது. 1943 அக்டோபர் 4 அன்று போசன் நகரில் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் தளபதிகளிடம் அதன் தலைவர் ஹிம்லர் பேசியதைப் பாருங்கள். யூதர்களை அழித்தொழிப்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, இதற்கிடையிலும் நாம் கண்ணியமானவர்களாக இருந்திருக்கிறோம் என்று மெச்சிக்கொண்டார். கொல்லப்பட்டவர்களின் உடைமையிலிருந்து ஒரு கைக்கடிகாரத்தையோ ஒரு சிகரெட்டையோகூட எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை இல்லை என்றும் எச்சரித்தார். லட்சக்கணக்கானோரின் உயிர் கணக்கில் இல்லை. சிகரெட் திருட்டு மட்டும் குற்றம்! அறம் அறியாதவன் பேச்சு அல்ல இது. கொல்லாமை விதிக்கு ஓர் இனம் முழுவதையும் விலக்காக்கிவிட்டு, மீதி விதிகளை இஸ்திரி போட்டு வைத்திருப்பவன் பேச்சு.

யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பும் வேலையை நடத்திய நாஜி அதிகாரி ஐக்மன் 1961இல் ஜெருசலேமில் விசாரணையின்போது, வாழ்நாள் முழுவதும் தத்துவஞானி காண்ட் சொன்ன அறப்படி வாழ்ந்ததாகச் சொன்னார். கேட்டவர்கள் அதிர்ந்துபோகும் அளவுக்கு அந்தக் கொள்கையை ஏறத்தாழச் சரியாகவும் எடுத்துரைத்தார். பொது விதி தெரிந்திருப்பது ஒருவனைத் தடுத்துவிடும் என்று நம்புபவர்களுக்கு இந்த வழக்கைவிடக் கசப்பான மருந்து இல்லை.

நம் நாட்டுச் சாதி முறையை இதில் எப்படிப் பொருத்துவது?

மிகச் சரியாகப் பொருந்தும். மனுஸ்மிருதியின் 10ஆம் அத்தியாயத்தில் கொல்லாமை, வாய்மை, திருடாமை, தூய்மை, புலனடக்கம் ஆகிய ஐந்தும் நான்கு வருணத்தாருக்கும் பொதுவான அறம் என்று வருகிறது. இதை மட்டும் மேற்கோள் காட்டிப் புளகாங்கிதம் அடைபவர்கள் உண்டு. அதே நூலின் 8ஆம் அத்தியாயத்தைத் திறந்தால், மற்றவர்களுக்கு மரண தண்டனை விதிக்கும் குற்றத்துக்குப் பிராமணருக்குத் தலையை மழித்தால் போதும் என்று இருக்கிறது. பொது விதியை உச்சரித்துக்கொண்டே அதைப் பிறப்பின் பெயரால் காலிசெய்ய முடியும் என்பதற்கு உலக இலக்கியத்திலேயே இதைவிடத் துல்லியமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அம்பேத்கர் தலைமையில் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அந்நூல் எரிக்கப்பட்டது. திருடாமையையும் வாய்மையையும் எதிர்த்து யாரும் அன்று தீ மூட்டவில்லை.

ஒடிசாவில் நடந்த ஆய்வு ஒன்று பொது அறமே இல்லை என்று காட்டியதாமே?

ரிச்சர்ட் ஷ்வேடர் குழுவினரின் 1987ஆம் ஆண்டு ஆய்வைச் சொல்கிறீர்கள். புவனேஸ்வரத்துப் பிராமணர்களிடமும் சிகாகோவாசிகளிடமும் 39 நிகழ்வுகளைச் சொல்லி எது எவ்வளவு தவறு என்று கேட்டார்கள். தகப்பன் இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி தின்றதுதான் புவனேஸ்வரத்தில் மிகப் பெரிய குற்றம். சிகாகோவில் அதில் ஒன்றுமில்லை. இது என்னை அசைக்கவில்லை. அந்த மகனால் தகப்பனின் ஆன்மா கடைத்தேறாமல் போகும் என்று நம்புபவருக்கு அது தகப்பனுக்குச் செய்த கொடுமை. விதி அதேதான், உலகத்தைப் பற்றிய நம்பிக்கைதான் வேறு.

அசைப்பது அதே பட்டியலில் இருந்த இன்னொன்று. கணவன் தடுத்தும் தனியாகச் சினிமாவுக்குப் போன மனைவியை அவன் அடித்துக் காயப்படுத்தினால் அது தவறில்லை என்று புவனேஸ்வரத்தில் சொன்னார்கள். இங்கே ஆன்மாவும் இல்லை, மறுவுலகமும் இல்லை. அடிபடுபவள் விலக்குப் பட்டியலில் இருக்கிறாள், அவ்வளவுதான்.

தலைக்கூத்தல் பற்றி?

தென் மாவட்டங்களில், குறிப்பாக விருதுநகர்ப் பகுதியில், படுத்த படுக்கையான முதியவருக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து, காய்ச்சல் கண்டு இறக்கவிடும் வழக்கம் அது. சட்டப்படி கொலை. செய்பவர்கள் கருணை என்பார்கள். பெற்றவரைப் பேணு என்ற விதி அங்கே செத்துப்போய்விட்டதா என்றால், இல்லை; தலைக்குளியலும் இளநீரும் பேணுதலின் சடங்குகள்தான். வறுமை, மாற்றுவதற்கு ஆளில்லாத படுக்கை, மருத்துவச் செலவு எல்லாம் சேர்ந்து விலக்கு உருவாகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கொடூரம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். நானும் அதைத் தவறு என்றே சொல்வேன், ஆனால் என் கேள்வி வேறு: குளிப்பாட்டப்படுபவரிடம் யாராவது கேட்டார்களா?

பிறவியிலேயே வந்தது என்பதற்காக ஒன்றுக்குக் கட்டுப்பட வேண்டுமா?

வேண்டியதில்லை. 'இருக்கிறது' என்பதிலிருந்து 'வேண்டும்' என்பதற்கு எப்படித் தாவினீர்கள் என்று தத்துவஞானி டேவிட் ஹியூம் 18ஆம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார். பொறாமையும் பிறவிக்குணம்தான். டார்வின் 1871இல் இன்னும் குரூரமாகக் கேட்டார்: மனிதர்கள் தேனீக்களைப்போல் வளர்ந்திருந்தால், மணமாகாத பெண்கள் தம் சகோதரர்களைக் கொல்வதைப் புனிதக் கடமையாக நினைத்திருப்பார்கள் என்றார். எந்தத் தேனீயும் மறுத்திருக்காது. இயல்பு நமக்குத் தருவது கச்சாப்பொருள். கட்டுப்படுத்தும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்றால், 'உனக்கு நடந்தால் ஒப்புவாயா' என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல முடியாமல் போகும் இடத்திலிருந்து என்பேன். இது நிரூபணம் அல்ல என்பது தெரியும்.

கடவுள் இல்லாமல் பொது அறம் நிற்குமா?

கடவுள் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் இயற்கைச் சட்டம் ஓரளவு நிற்கும் என்று 1625இல் எழுதியவர் டச்சுச் சட்ட அறிஞர் ஹியூகோ குரோஷியஸ்; அவர் ஆழ்ந்த கிறிஸ்தவர். நம்பிக்கையுள்ளவருக்கு இறைவன் கூடுதல் காரணம், கூடுதல் அச்சம். விதிகளின் பட்டியல் பெரிதாக மாறுவதில்லை.

1948 மனித உரிமைப் பிரகடனம் பொது அறத்துக்குச் சான்றா?

பாதி. அதைத் தயாரிக்கும் காலத்திலேயே, 1947இல், அமெரிக்க மானிடவியல் சங்கம் ஒரு பண்பாட்டின் மதிப்பீடுகளை உலகத்தின்மேல் ஏற்றாதீர்கள் என்று எச்சரித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் யுனெஸ்கோ கருத்துக் கேட்டதற்குக் காந்தி, உரிமைகள் கடமையிலிருந்து பிறக்கின்றன என்று எழுத்தறியாத, ஆனால் விவேகமுள்ள தன் தாயிடம் கற்றதாகப் பதில் எழுதினார். எதிரெதிர்க் கொள்கையினர் எப்படி ஒரே பட்டியலை ஏற்றார்கள் என்பதற்குத் தத்துவஞானி ழாக் மரித்தேன் சொல்லிக்காட்டிய பதில் பிரபலம்: ஏன் என்று யாரும் கேட்காத வரையில் நாங்கள் ஒத்துப்போகிறோம். 1948 டிசம்பர் 10 அன்று 48 நாடுகள் ஆதரித்தன, எதிர்ப்பு இல்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் விலகின. விலகியவற்றில் தென்னாப்பிரிக்காவும் சவூதி அரேபியாவும் உண்டு. யாரை விலக்காக வைத்திருந்தார்கள் என்பதை யோசித்தால் விலகியதன் காரணமும் விளங்கும்.

அந்தப் பிரகடனத்தின் முதல் வரி எல்லா ஆண்களும் என்ற பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல்லோடுதான் தொடங்கவிருந்தது. எல்லா மனித உயிர்களும் என்று மாற்ற வைத்ததில் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தாவின் பங்கு பெரிது. வரைவு தயாரித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஒரு விலக்கு தங்கள் பேனாவில் ஒட்டியிருப்பது அவர்கள் கண்ணுக்குப் படவில்லை.

அப்படியானால் இன்னொரு பண்பாட்டின் வழக்கத்தைக் குறைசொல்ல நமக்கு உரிமை உண்டா?

உண்டு, அவர்களுக்கும் நம்மைக் குறைசொல்ல உரிமை உண்டு. உங்கள் விதி தப்பு என்று தொடங்கினால் பேச்சு முதல் நிமிடத்திலேயே நின்றுவிடும். இந்த விலக்கு யாரைப் பாதிக்கிறது, அவரிடம் கேட்டீர்களா என்று தொடங்கினால், அவர்களுடைய சொந்த விதியே நம் பக்கம் வாதாடும். உலகத்தின் பெரிய சீர்திருத்தங்களில் பெரும்பாலானவை புதிய அறம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அடிமை, விதவை, தீண்டத்தகாதவர் என்று வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பழைய விதிக்குள் கொண்டுவந்தன.

உங்கள் கருத்துக்கு எதிராக நிற்கும் வலுவான சான்று எது?

2016இல் 10 சமூகங்களில் நடத்திய ஓர் ஆய்வு. வேண்டுமென்றே செய்த தீங்கையும் தெரியாமல் நேர்ந்த தீங்கையும் மக்கள் எவ்வளவு வேறுபடுத்திப் பார்க்கிறார்கள் என்று கேட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸில் வேறுபாடு மிகப் பெரிது. ஃபிஜியின் யசாவா தீவில் மிகச் சிறிது. அடுத்தவர் மனத்தில் என்ன இருந்தது என்று பேசுவதையே பொருத்தமில்லாததாகக் கருதும் பசிபிக் வழக்கம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார்கள். எண்ணத்தைப் பார்ப்பதுதான் அறத்தின் அடித்தளம் என்று மனத்தூய்மையைப் போற்றும் நம் மரபும் நம்புகிறது, காண்டும் நம்பினார். அந்த அடித்தளமே இடத்துக்கு இடம் ஆழம் மாறுகிறது என்றால், விதி பொது என்று நான் சொல்வதில் ஓட்டை விழுகிறது. 'தெரியாமல் செய்துவிட்டேன்' என்பதும் ஒரு விலக்குதானே என்று வாதாடி இதையும் என் கட்சியில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எந்த வேறுபாட்டையும் விலக்கு என்று பெயர் சூட்டி விழுங்கிவிட முடியுமானால், என் கருத்தைப் பொய்யென்று காட்ட யாருக்கும் வழியே இருக்காது. ஆகவே யசாவாவை எதிர்த்தரப்புச் சாட்சியாகவே விட்டுவைத்திருக்கிறேன்.